குட்டி வருமுன் கொட்டகை

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கும் பல வீடுகளில் முதல் வாரம் ஒரே மாதிரிதான் கழிகிறது. குட்டி ஓர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். இரண்டு நாள் சமையலறை மூலையில் படுத்திருக்கும். மூன்றாம் நாள் யாராவது ஒரு சங்கிலியும் இரும்புக் கூண்டும் வாங்கி வருவார்கள். வளர்ந்தபின் தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கப்போகிற வேட்டை நாய்க்கு அந்தக் கூண்டே நிரந்தர வீடாகிவிடும். இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் இடம், பிறகு குட்டி. கொத்தனார் வேலைக்கும் சிமெண்ட் காய்வதற்குமாக மூன்று வாரம் ஒதுக்கினால் போதும்.

பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், ஒட்டிய வயிறு, நீண்ட கால். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இந்த நாய். 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோதும் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பையோடு ராஜபாளையத்தின் பெயரும் வந்தது. அதன் பிறகு குட்டி கேட்டு வருகிறவர்கள் அழகைக் கேட்கிறார்கள். கொட்டகை கட்டுகிறவர் கவனிக்க வேண்டியது வேறு. வெள்ளைத் தோல் வெயிலில் வேகும். மெல்லிய முடி, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு, அதனால் வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும். அந்த நீண்ட கால் ஓடுவதற்கென்றே அமைந்தது. கொட்டகையின் ஒவ்வொரு அளவும் இந்த உடம்பிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் இடம். தோட்டத்தின் கடைசி மூலை காலியாகக் கிடக்கிறது என்று அங்கே கட்டக்கூடாது. ராஜபாளையம் நாய் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற நாய். ஆள் அரவம் இல்லாத இடத்தில் வைத்தால் மூர்க்கமாகும், அல்லது மனம் ஒடுங்கிப்போகும். பின்கட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான் சரி. கொட்டகையின் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குச் சுவரில் திறப்பே வேண்டாம். ராஜபாளையம் ஊர் இருக்கிற விருதுநகர் மாவட்டத்தில் சித்திரை வெயில் மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் உள்ளே அடிக்காமல் கூரை இரண்டடியாவது வெளியே நீள வேண்டும். பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படுக்கிற அறை 6 அடிக்கு 5 அடி. அதை ஒட்டி, குறைந்தது 15 அடி நீளமுள்ள திறந்த வெளி. சுற்றிலும் 6 அடி உயரக் கம்பி வலை. குட்டிக்கு இவ்வளவு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஆறே மாதத்தில் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

தளம்தான் கொட்டகையின் உயிர். சுற்றியுள்ள மண்ணைவிட ஓர் அடி உயர்த்தி சிமெண்ட் தளம் போட்டு, நான்கடிக்கு ஓர் அங்குலம் வீதம் வாட்டம் வைக்கச் சொல்ல வேண்டும். வாட்டம் கதவுப் பக்கம் ஓடினால் கழுவுகிற நீரெல்லாம் காலடியில் வரும். பின்பக்கச் சாக்கடையை நோக்கி ஓடட்டும். கொத்தனார் வழக்கம்போலக் கரணையால் வழவழப்பாகத் தேய்க்கப் பார்ப்பார், விடக்கூடாது. ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்தால் போதும். வழுக்கும் தரையில் வளரும் குட்டியின் பின்னங்கால் விரிந்து இடுப்பு மூட்டு கெடும். டைல்ஸ் வேண்டவே வேண்டாம். தளத்துக்குப் பத்து நாள் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் குட்டியை விட வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் பிஞ்சுப் பாதத்தைப் புண்ணாக்கும்.

சுவர் விஷயத்தில் முதல் எதிரி உண்ணி. நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, செங்கல் இடுக்கிலும் கூரை விளிம்பிலும் முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடக்கூடியது. நாயின் மேலுள்ள உண்ணியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தால் கணக்குத் தீராது. அதனால் சுவரில் ஓர் இடுக்கும் இல்லாமல் பூச்சு பூசி, ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடிப்பது நல்லது. கூரைக்குத் தென்னங்கீற்று குளிர்ச்சிதான், ஆனால் அது உண்ணிக்கு மாளிகை. வெறும் தகரம் அடுப்பாகக் கொதிக்கும். நாட்டு ஓடு வேய்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, எட்டடி உயரத்தில் நிறுத்தலாம்.

படுக்கைக்கு, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்ந்த மரப்பலகை. அதன்மேல் துவைத்த பருத்திப் போர்வை. ராஜபாளையம் ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ராஜபாளையத்தில் நூற்பாலைகள் அதிகம், பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பேர்பெற்றது. கழிவுப் பஞ்சும் துண்டுத் துணியும் மலிவாகக் கிடைக்கின்றன, மெத்தென்றும் இருக்கும். குட்டிக்குப் பல் முளைக்கும் பருவத்தில் அதைப் போடவே கூடாது. நூல் குடலுக்குள் இறங்கினால் குடலைச் சுருக்கிட்டு இழுத்துவிடும். அறுவை சிகிச்சை வரை போகும். ஓரம் மடித்துத் தைத்த, நூல் தொங்காத துணி மட்டும் போதும்.

கம்பி வலையின் கீழ் இரண்டடிக்குக் கண் சிறிதாக இருக்க வேண்டும், குட்டியின் தலை நுழைந்து மாட்டாதபடி. வெட்டிய கம்பி முனைகள் வெளிப்பக்கமாக மடங்கட்டும். சிறிய கண் வலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் சோறு சிந்தும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இந்த நாய் பின்வாங்காது, முகத்தில் கடி வாங்கும். மீந்த சோற்றை இரவில் வைக்காமல் இருப்பதும், கொட்டகையை ஒட்டி விறகோ செங்கல்லோ அடுக்காமல் இருப்பதும்தான் காவல். கடித்துவிட்டால் கட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் உள்ளிட்ட நான்கு பாம்புகளுக்கும் மனிதருக்குத் தருகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பை அடிக்கக்கூடாது, பிடித்து வளர்க்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் இரண்டையும் தடுக்கிறது.

கொட்டகை தயார். இப்போதுதான் குட்டி பார்க்கப் போக வேண்டும். 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. நாற்பது நாளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறவரிடம் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். தாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தாய்க்குச் சொறி இருந்தால் குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம்.

பிறகு காது. தலைமுறை தலைமுறையாக வெள்ளைக் குட்டிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விலை இந்த இனத்தின் செவிட்டுத்தன்மை. தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உள்காதிலும் தேவை. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் பட்டுப்போகும். முன்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது பயன் தராது. குட்டி கையைப் பார்க்கும், காற்றை உணரும், மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். குட்டியைத் தனியே ஓர் அறைக்குக் கொண்டுபோய், அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கையில், பின்னால் ஆறடி தள்ளி உட்கார்ந்து சாவிக்கொத்தை ஒருமுறை அசைக்க வேண்டும். கேட்கும் குட்டியின் காதுமடல் உடலுக்கு முன்னே திரும்பும். சில நொடி இடைவெளி விட்டு இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. இரு காதும் கேளாத குட்டி முகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி ஒலி வந்த திசை தெரியாமல் வேறு பக்கம் தேடும்.

செவிட்டுக் குட்டி என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதுவும் நல்ல நாயாக வளரும், கை சைகையில் எல்லாம் கற்றுக்கொள்ளும். தூங்கும்போது தொட்டு எழுப்பினால் மட்டும் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அதற்குத்தான் அந்த மரப்பலகை. விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அதிர்வு உடம்பில் ஏறி, மெதுவாகக் கண் திறக்கும்.

முதல் இரவு குட்டி அழும். தாயின் வாசனை ஏறிய ஒரு துணியைக் கேட்டு வாங்கி வந்து பலகையில் விரிக்க வேண்டும். முதல் சில இரவுகள் யாராவது ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பது நல்லது. முன்பு சாப்பிட்டதையே ஒரு வாரத்துக்குக் கொடுத்து, மெல்ல மாற்றலாம். நாளைக்கு நாலு வேளை, சிறிது சிறிதாக. ஸ்ரீவில்லிபுத்தூர் உறவினர்கள் குட்டியைப் பார்க்க வந்தால் கையில் பால்கோவா இருக்கும், ஆசையாக ஒரு விரல் தடவுவார்கள். பாலும் சர்க்கரையும் அந்த வயிற்றுக்கு ஆகாது. மறுநாள் வயிற்றுப்போக்கு கண்டால் அது பால்கோவாவா, பார்வோ நோயா என்று தெரியாமல் வீடே தவிக்கும்.

பார்வோ அவ்வளவு கொடியது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பதினாறு வாரத் தடுப்பூசி முடியும்வரை குட்டி வேறு நாய்கள் நடமாடும் மண்ணில் கால் வைக்கக்கூடாது. ஏற்கெனவே பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீடென்றால் பினாயில் வாசனையை நம்பக்கூடாது. தளத்தைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

நாலு மாதம் ஆனதும் வெயில் ஏறுமுன் காலையில் ஓட்டம், மாலையில் ஓட்டம். கொட்டகை உறங்குவதற்கு, ஓட்டம் வெளியே. நாயை ஓயாமல் கட்டி வைத்து நடமாட விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். ஓட விடுவதற்குச் செண்பகத்தோப்போ அய்யனார் கோவில் காடோ இடமல்ல. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றும்; நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி 2018-இல் கிர் காட்டுச் சிங்கங்களையே கொன்றது. மூதாதைகள் காட்டுப்பன்றியை விரட்டிய நாய்தான், என்றாலும் இன்று அதற்கு அறுவடை முடிந்த வயலும் தண்ணீர் வற்றிய கண்மாயும் போதும், ஓடித் தீர்த்துவிடும்.

கழுத்துப்பட்டையை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு விரல் உள்ளே நுழையவில்லையென்றால் அன்றே ஒரு துளை தளர்த்திவிடுவது.