பிடி அரிசிக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஐந்து வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த உன்னை, பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் கூப்பிட்டு, நன்கொடை திரட்டும் வேலையையும் நீயே பார் என்று சொல்லிவிட்டார்கள். யாராவது ஒரு பெரிய மனிதரைப் பிடித்துவிட்டால் போதுமா, இல்லை பாட்டுக் கச்சேரி வைத்து டிக்கெட் விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து ரசீது எழுதியவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 14 ஆசிரியர்கள், ஆளுக்குச் சராசரி 15,000 என்று எழுதியிருக்கிறாய். மாதம் 2,10,000, வருடத்துக்கு 25,20,000. பிள்ளைகளின் கட்டணம் 15 லட்சம் வருகிறது. மிச்சம் 10,20,000 துண்டு விழுகிறது. இந்தத் தொகையைப் பார்த்துத்தான் உனக்குத் தூக்கம் போயிருக்கிறது. இதையே மாதமாகப் பிரித்துப் பார். 85,000 ரூபாய். மாதம் 500 ரூபாய் தருகிற 170 பேர். உன் ராஜபாளையத்தில் 170 பேரைத் தேடுவது, பத்து லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிற ஒருவரைத் தேடுவதைவிட எளிது. அதைவிட முக்கியம், அந்த 170 பேரில் பத்துப் பேர் நின்றுவிட்டாலும் பள்ளி நடக்கும். அந்த ஒருவர் நின்றுவிட்டால்?

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். ஒரு புண்ணியவான் மூன்று மாடிக் கட்டடம் கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு நாகஸ்வரம், பந்தல், ஊர் முழுக்கச் சாப்பாடு. இரண்டாவது வருடம் அவருடைய தொழில் படுத்துவிட்டது. அவர்மேல் குற்றமே இல்லை. கட்டடத்துக்கு மின்கட்டணம் ஏறியது, கூட்டிப் பெருக்க ஆள் கூடியது, சம்பளம் மூன்று மாதம் நின்றது. எங்கள் இயற்பியல் ஆசிரியர் அலுவலகத்துக்கு வந்து என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அனுபவச் சான்றிதழ் ஒன்று வேணும் சார்" என்றார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தபோது எனக்கு விரல் ஓடவில்லை. அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் ஆசிரியர் இல்லாமல் நின்றார்கள்.

பெரிய கொடையை நான் குறைத்துப் பேசவில்லை. உன் ஊரிலேயே, சென்னை மாகாணத்துக்கு 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? கட்டடம், நிலம், ஆய்வுக்கூடம் எல்லாம் அப்படிப்பட்டவர்களால்தான் வரும். மாதச் சம்பளத்தை அவர்கள் தலையில் வைக்காதே என்கிறேன். கச்சேரியும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் கூட நல்லது. மேடைக்கும் மைக் செட்டுக்கும் போனது போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடு.

இப்போது நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விருதுநகர் சத்திரிய வித்யாசாலா பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. நாடார் உறவின்முறையார் நடத்திய பள்ளி. அரசு உதவியை எதிர்பார்த்து ஆரம்பித்ததில்லை. பேட்டையில் வியாபாரம் நடக்கும்போது சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைப்பார்கள். கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் அதிலிருந்து போகும். வீடுகளில் பிடி அரிசி. உலை வைக்கும்போது அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஆள் வந்து வாங்கிப் போவார். அந்தப் பள்ளியில்தான் காமராஜர் ஆறாம் வகுப்பு வரை படித்தார்.

இதில் பலரும் தியாகத்தை மட்டும் பார்ப்பார்கள். நான் அலுவலகக்காரன், எனக்கு வேறொன்று தெரிகிறது. கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த அம்மா தினமும் யோசிக்கவில்லை. உலை வைப்பது தவறாது, அதனால் பிடி அரிசியும் தவறாது. மூட்டை இறங்குவது நிற்காது, அதனால் மகமையும் நிற்காது. வீட்டில் எப்படியும் நடந்தே தீர வேண்டிய ஒரு காரியத்தோடு பள்ளியின் பங்கைக் கட்டிவைத்துவிட்டார்கள். ஆள் வந்து கேட்பதற்கு முன்பே பங்கு ஒதுங்கிவிட்டது.

அந்த உலைக்குச் சமமாக இன்றைக்கு என்ன இருக்கிறது என்று யோசி. சம்பளம் விழும் நாள். மில்லில், வங்கியில், ஆசிரியர் வேலையில் இருக்கும் உன் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு மாதம் பிறந்ததும் கணக்கில் பணம் ஏறும். ஐந்தாம் தேதி தானாகவே 500 கழியும்படி வங்கியில் ஒரு தடவை ஒப்புதல் எழுதிக் கொடுத்தால் போதும். யுபிஐயிலும் அந்த வசதி உண்டு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கு வாரக் கூலி. அவர்களிடம் மாதச் சந்தா கேட்காதே, வாரம் 20 ரூபாய் கேள். மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு மாம்பழ சீசனில்தான் கையில் காசு இருக்கும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் லாரி ஏறும் மாதத்தில் போய் நில், ஐப்பசியில் போகாதே. யாருக்கு எப்போது பணம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள். நன்கொடை திரட்டும் வேலையில் பாதி அந்த நோட்டுதான்.

கேட்கும்போது எதற்கு என்று பெயர் சொல்லிக் கேள். 1958 வாக்கில் காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டது. பெஞ்சு, கரும்பலகை, சுவர்க் கடிகாரம், தண்ணீர்ப் பானை. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். கடிகாரம் வாங்கிக் கொடுத்தவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பார் இல்லையா? பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர் முதலமைச்சரானதும் ஊரை நம்பி இப்படி ஒரு காரியத்தில் இறங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ "கல்விக்கு உதவுங்கள்" என்று நோட்டீஸ் அடித்தால் யாருக்கும் எதுவும் கண்ணில் தெரியாது. "நான்காம் வகுப்பு டீச்சரின் ஒரு நாள் சம்பளம் 500" என்று சொல். அது தெரியும்.

இனி ரசீது. நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு வயதான அம்மா வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த 101 ரூபாயை மேஜையில் வைத்தார். பேரன் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டானாம். நான் அவசரத்தில், "வச்சிட்டுப் போங்கம்மா, அப்புறம் எழுதிக்கிறேன்" என்றேன். அவர் போகவில்லை. அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "எம் பேரு அதுல வரும்ல?" என்று கேட்டார். கார்பன் தாளை வைத்து, பேனாவை அழுத்தி, அவர் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவர். அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி முடிச்சில் வைத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். அன்றைக்கு நான் ரசீது எழுதாமல் அனுப்பியிருந்தால் வந்திருப்பாரா? அதிலிருந்து, பணத்தை எண்ணுவதற்கு முன்பே பெயரைக் கேட்டு எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ரசீதோடு நிறுத்தாதே. பங்குனி முடிந்ததும் ஒரே பக்கத்தில் வரவு செலவு அச்சடித்து, 20 ரூபாய் கொடுத்தவர் வரை எல்லோருக்கும் அனுப்பு. நஷ்டமானாலும் மறைக்காதே. 1936-ல் ராஜபாளையம் மில் பிறந்த கதையை நீ கேட்டிருப்பாய். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஊர்க்காரர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்தார். அதுவரை ஆலையையே அறியாத குடும்பங்கள் பணம் போட்டன. கணக்கு வீடு தேடி வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடந்திருக்காது. உன்னிடம் பணம் போடுகிறவர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது. கணக்கு மட்டும்தான் கிடைக்கும். அதையும் கொடுக்காமல் விட்டால் எப்படி?

சட்ட விஷயங்களை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே, நீயும் தெரிந்து வைத்துக்கொள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது. காசோலையோ வங்கி வழியோ வேண்டும். பான் எண்ணை அன்றைக்கே வாங்கு, மே மாதம் வந்து தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். வருடத்து நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வரித்துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் வரும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த நன்கொடைக் கழிவே கிடையாது. சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "வரி மிச்சம் சார்" என்று சொல்லிவிட்டால் பிறகு உன் சொல்லை நம்பமாட்டார்கள். யுபிஐயில் வரும் பணத்துக்கும் அன்றன்றே பெயரைக் கண்டுபிடித்து எழுது. பெயர் இல்லாத பணம் ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளைக்கே வரி வரும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேள். இருந்தால் அவர்கள் சொந்தப் பணத்தைத் தாராளமாக வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடாதே.

மில்களின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கம்பெனிச் சட்டம் சொல்கிற அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். பஞ்சு விலை ஏறி நூல் விலை படுத்தால் லாபம் சுருங்கும், அந்த 2 சதவீதமும் சுருங்கும். அதனால் கேள், ஆனால் கணினி அறைக்கும் கழிப்பறைக்கும் கேள். அறக்கட்டளை அதற்கான பதிவைச் செய்திருக்கிறதா என்று முதலில் பார்.

மூலநிதி மெதுவாகச் சேரட்டும். வட்டியிலேயே அந்த 85,000 வர வேண்டுமென்றால், 7 சதவீதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி தேவை. அது உன் காலத்தில் முடியாமல்கூடப் போகலாம், ஆனாலும் ஆரம்பி. இது மூலநிதிக்கு என்று கொடுப்பவர் கையாலேயே எழுதி வாங்கு. இல்லாவிட்டால் அது அந்த வருட வருமானமாகிவிடும். ஆனால் நிதி இருந்தால் மட்டும் பள்ளி வந்துவிடாது. பச்சையப்ப முதலியார் 1794-ல் உயில் எழுதிவைத்துவிட்டுக் காலமானார். வழக்கு, நிர்வாகச் சிக்கல் எல்லாம் தீர்ந்து அவர் பணத்தில் பள்ளி திறந்தது 1842-ல். இடையில் 48 வருடம். எத்தனை பிள்ளைகள் பிறந்து, படிக்காமல் வளர்ந்து, வயதாகிப் போயிருப்பார்கள்.

முதல் மாதம் 170 பேர் கிடைக்கமாட்டார்கள். பதினைந்து பேர் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து, 1990-க்குப் பிறகு படித்தவர்களின் பெயர்களை எழுத ஆரம்பி. உன்னோடு உட்கார்ந்து எழுத அடுத்த சனிக்கிழமை காலை நான் பஸ் ஏறி வருகிறேன். பழைய கையெழுத்தைப் படிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

என் பென்ஷன் மாதம் பிறந்ததும் ஏறிவிடும். ஐந்தாம் தேதி 500 கழியட்டும், வங்கிப் படிவத்தைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். ரசீதை உன் அம்மா பெயரில் எழுது. அவள் எட்டாவதோடு நின்றபோது வீட்டில் யாரும் அவளுக்காகப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்புடன்,
மாமா