மல்லாட்டை போடப்போகும் பேத்திக்கு

கண்ணு, நம் ஊர் அனந்தபுரத்துக்கே திரும்பி வந்து மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடப்போகிறேன் என்கிறாய். சந்தோஷம். அதைத் தின்னும் கம்பளிப்பூச்சியைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் அதை அடையாளம் தெரிந்துகொள். நாம் திட்டுவது புழுவை. அதன் தாய் ஒரு வெள்ளை விட்டில். முன்சிறகில் பழுப்புக் கீற்றுகள், தலையில் மஞ்சள் பட்டை, பின்சிறகில் கறுப்புப் புள்ளிகள். விளக்கடியில் விழுந்தால் செருப்பால் தேய்த்துவிடாதே, குனிந்து பார். புத்தகத்தில் அதன் பெயர் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. பெயர் மறந்தாலும் பரவாயில்லை.

2. மழைக்குக் காத்திருப்பது நீ மட்டுமல்ல. போன வருஷத்துப் புழு வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் கிடக்கிறது. நல்ல மழை ஒன்று இறங்கியதும் ஊர் முழுக்க விட்டில் கிளம்பும். அந்த நாட்களில் சோம்பல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து 11 மணிவரை கொல்லையில் விளக்குப்பொறி வை. கீழே தட்டில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். என் அப்பா காலத்தில் இதற்கே வரப்பில் சருகு கொளுத்துவார்கள்.

3. இலையைத் திருப்பிப் பார். ஒரு விட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இலையடியில் கொத்துக் கொத்தாக இடும். மூன்று நாலு நாளில் பொரியும். குஞ்சுப்புழுக்கள் முதலில் கூட்டமாகவே இருந்து பச்சையைச் சுரண்டும், இலை சல்லடையாகும். களையெடுக்கும்போது என் அம்மா அந்த இலைகளைக் கிள்ளித் தண்ணீர்ச் சொம்பில் போட்டுக்கொண்டே வருவாள். மற்றவர்கள் கதை பேசியபடி முன்னே போய்விடுவார்கள். வரிசையில் கடைசி ஆள் எப்போதும் அவள்தான். அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறாள். நீயும் பின்தங்கக் கூச்சப்படாதே.

4. அக்கம்பக்கத்தோடு பேச்சை விட்டுவிடாதே. வளர்ந்த புழு கொல்லை விட்டுக் கொல்லை படையாய் நகரும். சுற்றிலும் 30 செ.மீ. ஆழம், 25 செ.மீ. அகலத்தில் செங்குத்தாகப் பள்ளம் வெட்டினால் விழுந்து ஏறமுடியாமல் கிடக்கும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள், பொது வரப்பில் மட்டும் யார் வெட்டுவது என்று விட்டுவைத்தார்கள். புழு அந்தப் பக்கமாகவே வந்தது. பங்காளிக்கு வரப்பு உண்டு, புழுவுக்கு இல்லை.

5. கோடை உழவை விடாதே. ஏர் புரட்டிப்போடும் கூட்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கும், விரட்டாதே. மயிர்ப்புழுவைப் பல பறவைகள் தொடாது, சுடலைக்குயில் விரும்பித் தின்னும்.

6. பெரிய புழுவுக்கு மருந்து அவ்வளவாகப் பிடிக்காது. பக்கத்தில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்துக் கடைக்கு ஓடுமுன், புழு தின்ற இலையோடு அங்கே போய்க் கேள்.