ஈஸ்ட் வளர்ப்பில் வாயுக் கணக்கு

ரொட்டிக்கான ஈஸ்ட்டைப் பெருக்கும் ஃபெர்மென்டர்களின் அருகிலேயே வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில், கணிதத்தின் துணைகொண்டு அவற்றை நிர்வகிக்க முற்படும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது, கலனை விட்டு வெளியேறும் காற்றை ஒழுங்காக அளக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்பதே.

ஈஸ்ட்டின் சுபாவம் விசித்திரமானது. சர்க்கரை மிதமாகக் கிடைக்கும்வரை பிராணவாயுவை உட்கொண்டு, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை கிராமைத் தன் உடலாக்கிக்கொள்ளும் அது, சர்க்கரை தாராளமாகிவிட்டால், எவ்வளவு காற்று ஊதினாலும் லட்சியம் செய்யாமல் சாராயம் காய்ச்சத் தொடங்கிவிடுகிறது. வளர்ச்சி வேகத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் உள்ள சம்பந்தத்தை, பாக்டீரியாக்களை ஆராய்ந்த ழாக் மோனோ 1942-ல் ஓர் எளிய சமன்பாட்டில் அடக்கினார். அழகான சமன்பாடுதான், ஆயினும் ஊட்டம் சரியாக நடக்கும்போது கலனில் மிஞ்சும் சர்க்கரை உடனுக்குடன் அளப்பதற்கரிய சொற்பம், ஈஸ்ட்டின் எடையோ, வடிகட்டி 105 டிகிரியில் உலர்த்திய பிறகே தெரியவரும், ஒளியைப் பாய்ச்சிக் கலங்கலை அளக்கலாமென்றால் ஊட்டமாகச் செலுத்தும் மொலாசஸ் பாகின் கருநிறம் குறுக்கே நிற்கிறது.

ஆகையால்தான் சுவாச விகிதத்தை நான் பெரிதும் நம்புகிறேன். வெளிவந்த கரியமிலவாயுவைச் செலவான பிராணவாயுவால் வகுத்துக் கிடைக்கும் எண், ஈஸ்ட் நேர்மையாகச் சுவாசிக்கும்வரை ஒன்றை ஒட்டியே நிற்கும். சாராயம் ஊறத் தொடங்கியதும் மேலேறும். ஊறியதையே அது உண்ணும்போது ஒன்றுக்குக் கீழே இறங்கும். எண் ஏறக் கண்டால், மாதிரி ஆய்வுக்கூடம் போய்த் திரும்புமுன்பே பாகு செலுத்தும் பம்பின் வேகத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் அதிரடியாகக் குறைக்கலாகாது. கலனின் தலைப்பாகத்தையும் குழாயையும் கடந்து வாயு கருவியை எட்டச் சற்றுத் தாமதமாகும். அதைக் கணக்கில் கொள்ளாத கட்டுப்பாடு பம்பை ஏற்றியும் இறக்கியும் அலைக்கழிக்கும். வாயுவை ஈரம் போக உலர்த்துவதும் அவசியம். உள்ளே போகும் காற்றில் 20.95 சதவீதமான பிராணவாயு, வெளிவரும் காற்றின் நீராவியால் நீர்த்துக் குறைவாகத் தோன்றி, ஈஸ்ட் உண்ணாததையும் உண்டதாகக் காட்டிவிடும்.

கணக்கும் கருவியும் முரண்படும் சமயத்தில் மாறிலிகளைத் திருத்தி இரண்டையும் சமாதானப்படுத்துவது இக்காலத்துக் கெட்ட பழக்கம். கருவியைப் போய்ப் பாருங்கள். கரைந்த பிராணவாயுவை அளக்கும் முனையின் சவ்வில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தாலே அளவு தாறுமாறாகத் துள்ளும். அந்த அளவு நிதானமாக இறங்குகையில், வாயுக் கணக்கின்படி பிராணவாயுச் செலவும் கூடியிருந்தால் ஈஸ்ட் பெருகுகிறது என்று கொள்ளலாம். செலவு கூடாமலே இறங்கினால், காற்று நீரில் கரைவதுதான் குறைந்திருக்கிறது. நுரையடக்க யாராவது எண்ணெயைச் சற்று அதிகமாக ஊற்றினார்களா என்று ஷிப்டில் இருப்பவரை விசாரியுங்கள்.