கணக்கைக் காட்டுங்கள், பெயரைக் காட்டாதீர்கள்

வேலை போன சக தொழிலாளர்களுக்காக வசூல் செய்யப் போகிறீர்களா? பணம் கொடுத்தவர் பெயரோ வாங்கியவர் பெயரோ எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் ஏறாது என்று முதலில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் வசூலை நாசமாக்கியது ஒரே ஒரு பட்டியல்தான்.

2019இல் வண்டி விற்பனை படுத்துவிட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஆலைகளில் வாரத்தில் பல நாள் உற்பத்தியே கிடையாது. எங்கள் ஆலையில் கான்ட்ராக்ட் பையன்களை முதலில் நிறுத்தினார்கள். பிறகு நிரந்தரத் தொழிலாளர்களை ஒவ்வொருவராக டிரெய்னிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ராஜினாமாக் கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது: சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு செக். போடாதவரை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று பலருக்குத் தெரிவதில்லை. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டப்படி, 100 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். (2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100ஐ 300 ஆக்கிவிட்டது.) சர்வீஸில் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். தொழிலாளி தானாகவே விலகினார் என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. 2018இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில், வேலை போனவருக்கு 90 நாள் வரை உதவித்தொகை கிடைக்கும். அன்றைக்கு அது சராசரி தினக்கூலியில் 25 சதவீதம், 2020இல் 50 சதவீதமாக்கினார்கள். தானாக விலகியவருக்கு அது கிடையாது.

அதனால் எங்கள் வசூலை யாரும் தர்மம் என்று நினைக்கவில்லை. கேட்டில் நிறுத்தப்பட்டவர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும், அதற்குத்தான் பணம். சம்பளம் வராத முதல் மாதம் வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிற்பார், பள்ளிக்கூடத்திலிருந்து ஃபீஸ் கேட்டு மெசேஜ் வரும். மனுஷன் உடைவது அந்த வாரத்தில்தான். கமிட்டி போட்டு, விதிமுறை எழுதி, அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று ஆறப்போட்டால் கொடுக்க ஆள் இருக்காது. முதல் மாதப் பணம் 10ஆம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

வசூல் கம்பெனி பஸ்ஸில் நடந்தது. சம்பளம் ஏறின மறுநாள், பி ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் ரூட் பஸ் கிளம்பியதும் பின் சீட்டிலிருந்து முன்னால் வருவேன். நிரந்தரத் தொழிலாளிக்கு 500 ரூபாய், டிரெய்னிக்கு 100, முடிந்தால் மட்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நீள நோட்டு ஒன்று வாங்கியிருந்தேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் வரிசை எண், எதிரே தொகை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, அதன் கீழே இன்னும் இரண்டு பேர் கையெழுத்து. யார் எந்த எண் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். விளக்கை அணைத்துவிட்ட பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் எண்ணி எழுதிய கணக்கு அது. ஒரு ரூபாய் பிசகியதில்லை.

இரண்டாம் மாதம் சிலர் ஆரம்பித்தார்கள். “கணக்கு வெளிப்படையா இருக்கணும். யார் கொடுத்தாங்க, யாருக்குப் போச்சுன்னு குரூப்புல போடுங்க.” நோட்டை நீட்டினேன், கூட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டிப் பார்க்கவில்லை. பெயர்தான் வேண்டுமாம். நான் பணத்தை எடுத்துவிட்டேன் என்று கேன்டீனில் பேச்சு கிளம்பியது. எங்கள் மூவரில் ஒருவர் அந்தப் பேச்சைத் தாங்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முழுப் பட்டியலையும் டைப் செய்து குரூப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஹெச்ஆர் கையில் அதன் பிரின்ட் அவுட் இருந்தது. அந்த மாதம் டிரெய்னிங் காலம் முடிய வேண்டிய பையன்களில், பட்டியலில் பெயர் இருந்த யாருக்கும் நீட்டிப்பு வரவில்லை. 100 ரூபாய் கொடுத்ததற்கு அந்தப் பையன்கள் கொடுத்த விலை அது. அடுத்த வசூலில் பாதி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் இஎம்ஐ இருக்கிறது.

அதைவிட மோசமானது வாங்கியவர்களுக்கு நடந்தது. பதினோரு வருட சர்வீஸ் உள்ள ஒரு தம்பி, உத்திரமேரூர் பக்கம். பட்டியல் ஃபார்வேர்ட் ஆகி ஆகி அவன் மாமனார் போனுக்கே போய்விட்டது. என் வீட்டுக்கு வந்து, கொடுத்த கவரைப் பிரிக்காமலே டிவி ஸ்டாண்டில் வைத்தான். “என் பேரை எடுத்துடுங்கண்ணே. வீட்ல தலைநிமிர முடியல.” டீ கூடக் குடிக்கவில்லை. அடுத்த வாரம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். முதல் நாள் காட்டிய தொகையில் பாதிகூட அப்போது தரவில்லை.

வெளிப்படைத்தன்மை என்று கொடி பிடித்தவர்களில் ஒருவர் அடுத்த வருடமே டீம் லீடர் ஆனார். இரண்டையும் நான் முடிச்சுப்போடவில்லை. அவர் ஒரு மாதம்கூட 500 ரூபாய் கொடுத்ததில்லை என்பது மட்டும் என் நோட்டில் இருக்கிறது. கணக்குக் கேட்கிறவரிடம் முதலில் அவர் பங்கைக் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஒருவர் ஜிபேயில் பணம் வாங்க வேண்டாம், மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை. யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று விசாரிக்கக் கிளம்பினால், அவரவர் வீட்டு நோயையும் கடனையும் நம் முன்னால் பரப்பிக் காட்ட வேண்டிவரும். சம்பாதிக்கும் மனைவி உள்ளவருக்கும் அதே தொகையா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஆமாம், அதே தொகைதான். அரிசி, மளிகை என்று பொருளாகக் கொடுக்காதீர்கள். மூட்டை இறங்கினால் தெருவே பார்க்கும்.

சமரச அதிகாரியிடம் மனுக் கொடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. எங்கள் காலத்துச் சட்டத்தில் 2ஏ பிரிவின்படி தனி ஆளாகவே மனுப் போடலாம், 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். சங்கம் இல்லையே என்று எங்களில் சிலர் வீணாகக் காத்திருந்தார்கள்.

மீதிப் பணம் என்ன ஆகும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கடைசிவரை கையெழுத்துப் போடாமல் நின்றவர்களின் வக்கீல் ஃபீஸுக்கு என்று நாங்கள் எழுதியிருந்தோம். அப்படியே கட்டினோம், ரசீது நோட்டோடு சேர்த்துப் பின் பண்ணியிருக்கிறது.