துண்டுச்சீட்டும் தேயிலையும்

ஆற்றுப்பாசனம் எட்டாத சாத்தான்குளம் போன்ற வானம் பார்த்த ஊர்களையும் உள்ளடக்கியது பழைய திருநெல்வேலிச் சீமை. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் கடனும் துரத்த, அச்சீமையின் உழைக்கும் மக்கள் பலர் கடல்கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1869இல் தோன்றிய இலைநோய் அங்குக் காப்பிப்பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது.

கங்காணி தந்த முன்பணமே தொழிலாளியின் முதற்கடன். வழிச்செலவும் அதனோடு சேர்ந்தது. அவர் வேறு தோட்டத்திற்கு மாற வேண்டுமெனில், கடன்தொகையைக் குறித்துத் தோட்டத்துரை வழங்கும் ‘துண்டு’ தேவைப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவரை ஏற்றது. கடனோ அவரைத் தொடர்ந்தது. இலண்டனில் தேயிலை ஏலம்போனது. மலையில் மனித உழைப்பு சீட்டில் கைமாறியது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. இத்தோட்டத் துயரையே புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ கதையில் பதிவுசெய்தார்.