அரசர் பள்ளத்தாக்கு

எகிப்து நாட்டில் நைல் ஆற்றின் கீழைக்கரையில் லக்சர் என்னும் நகரம் உள்ளது. பண்டு தீப்ஸ் எனப் பெயர்பெற்று, எகிப்தியரின் தலைநகராய் விளங்கிய இடம் இதுவே. ஆற்றைக் கடந்து மேலைக்கரை அடைந்து சற்றுத் தொலைவு சென்றால், புல்லும் முளையாத சுண்ணக்கல் மலைகள் தோன்றும். அம்மலைகளின் இடையே அமைந்திருப்பது அரசர் பள்ளத்தாக்கு. பல நாட்டு மக்களும் இதனைக் காண வருகின்றனர்.

பழைய எகிப்திய மன்னர்கள் தம் உடலை அடக்கம் செய்தற்கு வானளாவிய பிரமிடுகளை எழுப்பினர். அவை நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்பட்டன, கள்வர்க்கும் புலப்பட்டன. பின்வந்த மன்னர்களோ, கி. மு. 16ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ 500 ஆண்டுக் காலம், இம்மலைப் பாறைகளைக் குடைந்து மறைவாகக் கல்லறை அமைத்துக்கொண்டனர். 60க்கு மேற்பட்ட கல்லறைகள் இதுவரை இங்குக் கண்டறியப்பட்டுள்ளன.

கல்லறை எனின், இருள் சூழ்ந்த வெறுங்குழி என்று எண்ணற்க. முதலாம் சேத்தி மன்னனின் கல்லறை 130 மீட்டருக்கு மேல் நீண்டு, பாறையினுள் இறங்கிச் செல்கின்றது. சுவரெங்கும் வண்ணந்தீட்டிய சிற்பங்கள். விதானத்தில் விண்மீன் கூட்டங்கள். மாலையில் மறையும் கதிரவன், இரவின் 12 பகுதிகளையும் கடந்து விடியலில் மீண்டும் தோன்றுகின்றான். அவ்வாறே மன்னனும் இறப்பைக் கடந்து புத்துயிர் பெறுவான் என எகிப்தியர் நம்பினர். அந்நம்பிக்கையே இவ்வோவியங்களாய் வடிவு கொண்டது.

மறைத்து வைத்தும் கள்வர் விடவில்லை. பண்டைக் காலத்திலேயே பெரும்பாலான கல்லறைகளைக் கொள்ளையிட்டனர். இளமையிலேயே மாண்ட துட்டன்காமன் என்னும் அரசனின் சிறு கல்லறை பெரும்பாலும் தப்பியது. அதன் வாயிலைக் கற்குவியல் மூடிவிட்டது. பின்னாளில் தொழிலாளர் அதன்மேல் குடிசைகளும் அமைத்தனர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், ஹோவர்டு கார்ட்டர் குழுவினர் அதன் முதற்படியைக் கண்டனர். உள்ளே 5,000க்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றை முறையாகப் பதிவு செய்து வெளிக்கொணர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின.

கள்வர் மட்டுமோ கேடு செய்தனர்? காண வந்தோரும் செய்தனர். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வந்த கிரேக்கரும் உரோமரும் சுவர்களில் தம் பெயர்களைக் கீறிச் சென்றனர். எகிப்திய எழுத்தின் மறைபொருளை உலகிற்கு விளக்கிய பேரறிஞர் சம்போலியனும், 1829இல் சேத்தியின் கல்லறைச் சுவரில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்தார். அது பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தீங்கு கருதாது வருவோராலும் தீங்கு நேர்கின்றது. அவர்தம் மூச்சும் வியர்வையும் காற்றில் ஈரத்தை மிகுவிக்கின்றன. அவர்தம் காலடித் தூசி ஓவியங்களின்மேல் படிகின்றது. எனவே, 2009 முதல் 2019 வரை துட்டன்காமன் கல்லறையில் பாதுகாப்புப் பணி நடைபெற்றது. தூய காற்று உலவ வழி செய்யப்பட்டது. 2014இல் பள்ளத்தாக்கை அடுத்து, அக்கல்லறையின் மறுபடி ஒன்றும் திறக்கப்பட்டது. அளவிலும் வண்ணத்திலும் மூலத்தை ஒத்த அதனைக் கண்டு மகிழ்வோரால் மூலத்திற்கு ஊறு இல்லை.

மன்னரின் பொன்னைக் கள்வர் கொண்டு போயினர். எஞ்சியவை சுவரோவியங்களே. 3,000 ஆண்டுகள் அவற்றை வறட்சியும் இருளும் காத்தன. கதவு திறந்தபின் அக்கடமை காண வருவோரைச் சார்ந்தது. தொடாமலும், கீறாமலும், விதி கடவாமலும் கண்டு மீள்பவனே அவற்றின் உண்மைக் காவலன் ஆவான்.