டிஏசியில் எந்த வயரை எங்கே செருகுவது?

டிஜிட்டல் சிக்னலை அனலாக் சிக்னலாக மாற்றும் டிஏசியின் பின்பக்கத்தில் யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் என்று மூன்று இன்புட்டைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்பதுதான். இந்தக் கேள்வி வாங்குபவரை விலையுயர்ந்த கேபிளுக்கே கொண்டுபோய் விடுகிறது என்பது என் அனுபவம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு மூன்று வழியிலும் ஒரு பிட்டும் குறையாமல் போய்ச் சேரும். பாட்டோடு சேர்ந்து அந்த வயரில் வேறு என்ன வருகிறது என்று பார்த்து இணைப்பதே சரி. யூஎஸ்பியில் 5 வோல்ட் மின்சாரமும் கம்ப்யூட்டரின் கிரவுண்டும் கூடவே வரும். கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால், இரண்டுக்கும் நடுவே வளையம் உண்டாகி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். மவுஸை நகர்த்தினால் கீச்சென்று ஒரு சத்தம் வருவதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான். ஆப்டிகலில் போவது சிவப்பு வெளிச்சம் மட்டுமே. 1983இல் தோஷிபா கொண்டுவந்த இந்த டாஸ்லிங்க் இணைப்பில் மின்சாரம் கடக்க உலோகமே கிடையாது. ஆகவே உறுமல் கேட்டால் யூஎஸ்பியைக் கழற்றி ஆப்டிகலில் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் வளையம்தான் காரணம். நிற்காவிட்டால் கோளாறை டிஏசியிலோ அதற்குப் பிறகோ தேட வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றினாலே பாதி விடை கிடைத்துவிடும். உறுமலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது.

ஆப்டிகலில் ஜிட்டர், அதாவது கடிகாரத் துடிப்பின் நேரத் தடுமாற்றம், அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆப்டிகலிலும் கோஆக்சியலிலும் கடிகாரத் துடிப்பு சிக்னலுக்குள்ளேயே பொதிந்து வருகிறது, டிஏசி அதைப் பிரித்தெடுத்தாக வேண்டும். மின்சாரம் வெளிச்சமாகி மீண்டும் மின்சாரமாகும்போது துடிப்பின் விளிம்பு கொஞ்சம் மழுங்கும். அசின்க்ரனஸ் யூஎஸ்பியிலோ டிஏசியின் சொந்தக் கிரிஸ்டல்தான் எஜமான். கம்ப்யூட்டர் அது கேட்கும் வேகத்தில் தரவை அனுப்புகிறது. கொள்கையளவில் யூஎஸ்பியே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த டிஏசி, வரும் ஜிட்டரைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. மிச்சமிருப்பதைக் காதால் கண்டுபிடிப்பது கடினம்; உறுமல் யார் காதுக்கும் கேட்கும். கம்ப்யூட்டருக்கு முதலில் யூஎஸ்பி, இரைச்சல் வந்தால் மட்டும் ஆப்டிகல் என்று நான் சொல்வது இதனால்தான். ஆப்டிகலுக்கு உண்மையான வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது: பல கருவிகளில் அது 96 கிலோஹெர்ட்ஸைத் தாண்டத் தடுமாறும். 192 வேண்டுமென்றால் கோஆக்சியலுக்குப் போகலாம். அதற்கு 75 ஓம் வயர் போதும், பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள் முனை வீடியோ வயரே குறைந்த தூரத்துக்கு வேலை செய்யும். ஆனால் கோஆக்சியல் துளையும் அனலாக் ஆர்சிஏ துளையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

டிவியை ஆப்டிகலில் இணைத்தும் சத்தமே வரவில்லையா? வயரின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி டிஜிட்டலாக அனுப்பினால் சாதாரண இரண்டு சேனல் டிஏசிக்குப் புரியாது. பல டிவிகளில் ஆப்டிகல் வழியாக வரும் சத்தத்தை ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியாது, அதை ஆம்ப்ளிஃபையரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.